வாடகைக்கு எடுத்த கப்பலில் தென்துருவம் போனவர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் ஊராரிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதை வாசிக்காமல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

இந்தப் பதிவில் "நாங்கள்" என்று வருவது பொல்பிட்டியவில் தரம் பத்தில் படிக்கும் இருபத்திரண்டு பிள்ளைகளும், அவர்களுக்குப் புவியியல் படிப்பிக்கும் இந்த வாத்தியாரும். நடந்தது எல்லாம் எல்லோருமாகச் சேர்ந்து நடந்தது. அதனால் "நான்" என்று எழுதக் கை வரவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. நம்மூர் மழை தெரியும்தானே, தகரத்தில் விழும் சத்தத்தில் வாத்தியார் கத்துவது பின்வாங்குக்குக் கேட்காது. துருவப் பிரதேசங்கள் பற்றிய பாடம். அந்தாட்டிக்காவில் 98 வீதமான நிலம் பனிக்கட்டியால் மூடியிருக்கிறது, அந்தப் பனிக்கட்டியின் சராசரித் தடிப்பு இரண்டு கிலோமீற்றரளவு, வொஸ்டொக் நிலையத்தில் 1983 ஜூலை 21ஆம் திகதி சைபருக்குக் கீழே 89.2 பாகை செல்சியஸ் பதிவானது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனோம். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை.

அதில் பிழை சொல்லவும் முடியாது. நுவரெலியாப் பக்கம் ஜனவரியில் புல்லில் உறைபனி விழுந்தால் படம் எடுத்துப் போடுகிறார்கள், பார்க்கிறோம். நாங்கள் இருப்பதோ மலைநாட்டின் அடிவாரம். கெசெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் ஒன்றுசேர்ந்து களனி கங்கையாக ஆகிற இடம். இங்கே தண்ணீர் என்றால் ஓடுவது, இல்லாவிட்டால் குழாய்க்குள் விழுந்து சமனல மின்நிலையத்தைச் சுழற்றுவது. கட்டியாக நிற்கும் தண்ணீரை நாங்கள் பார்த்தது மீன் லொறிக்காரரின் பெட்டிக்குள் மட்டும்தான்.

அந்த நேரம்தான் பின்வாங்கிலிருந்து ஒரு மகன் கேட்டான்: "சேர், கடலே ஐஸ் கட்டியானா கப்பல் எப்பிடிப் போகும்?"

பக்கத்தில் இருந்தவன் உடனே பதில் சொன்னான். "அதுக்குன்னு கப்பல் இருக்குடா. முன்னுக்குக் கத்தி மாதிரி. அறுத்துக்கிட்டே போகும்."

வகுப்பு முழுக்க ஆமாம் என்றது. உண்மையைச் சொன்னால் வாத்தியாரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் உறுதியாகத் தெரியாததைச் சொல்லக்கூடாது என்று "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டோம். அன்றிரவு தேடி வாசித்தபோது விசயம் நேர்மாறாக இருந்தது.

பனி உடைக்கும் கப்பலின் முன்பகுதி கூராக இருப்பதில்லை. அகப்பையின் அடி போல உருண்டு சரிந்து இருக்கும். கப்பல் பனிக்கட்டியை அறுப்பதில்லை, அதற்கு மேலே ஏறுகிறது. கப்பலின் கனம் தாங்காமல் கட்டி கீழே முறிகிறது. தடித்த இடம் வந்தால் பின்னுக்கு வந்து, விசை எடுத்து, திரும்ப ஏறும். சில கப்பல்களில் இரண்டு பக்கமும் தொட்டிகள் இருக்கும். தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக் கப்பலை ஆட்டி, பிடித்திருக்கும் கட்டியைத் தளர்த்துவார்கள்.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று செய்து காட்டினோம். பாடசாலைக்குக் கிட்ட உள்ள கடை நானாவின் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஒரு அலுமினியத் தாச்சியில் தண்ணீர் வைத்தோம். மேலே மட்டும் கண்ணாடி மாதிரிக் கட்டும் வரை காத்திருந்தோம். இரண்டு மரக்கட்டைப் படகுகள். ஒன்றுக்குக் கூரான மூக்கு, மற்றதற்கு உருண்ட மூக்கு. இரண்டிலும் ஒரே அளவு இரும்பு ஆணி ஏற்றினோம். கடை வாசலிலேயே பரிசோதனை. கூர் மூக்குப் படகு ஒரு குத்துக் குத்தி, அந்த வெடிப்பிலேயே இறுகிக்கொண்டது. உருண்ட மூக்குப் படகு மெதுவாக ஏறியது, ஒரு கணம் நின்றது, பிறகு டக்கென்று ஒரு சத்தம். தாச்சியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் கத்திய கத்தலில் பஸ்ஸுக்கு நின்ற சனமும் எட்டிப் பார்த்தது. கடை நானா இரண்டாம் தரம் தண்ணீர் வைக்கக் காசு கேட்கவில்லை. அல்லாஹ் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் செய்யட்டும்.

அடுத்த நாள் கேள்வி மாறிவிட்டது. "சேர், நம்ம ஆளுங்க யாராச்சும் அங்க போயிருக்காங்களா?"

இலங்கைக்கு அங்கே நிலையம் இல்லை. நமக்குக் கிட்ட உள்ள கதை இந்தியாவுடையது. அதைச் சொன்னோம்.

1981 டிசம்பர் 6ஆம் திகதி கோவாவிலிருந்து 21 பேர் ஒரு கப்பலில் புறப்பட்டார்கள். அதிகம் வெளியே தெரியாமல் செய்த பயணம். தலைவர் டொக்டர் சையத் ஸஹூர் காசிம். அலகாபாத்தில் பிறந்தவர், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவர், கடலாராய்ச்சியில் பேர்போனவர். 1982 ஜனவரி 9ஆம் திகதி அவர்கள் அந்தாட்டிக்காவில் கால் வைத்தார்கள். பெப்ரவரி 21ஆம் திகதி கோவாவுக்குத் திரும்பி வந்தார்கள். காசிம் அவர்கள் பிற்காலத்தில் டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராகவும் இருந்து, 2015இல் வபாத்தானார்.

கப்பலின் பெயர் "போலார் சேர்க்கிள்". நோர்வே நாட்டுக் கப்பல்.

அப்போதுதான் முன்வாங்கில் இருக்கும் ஒரு மகள் கை தூக்கினாள். "கப்பல் அவங்கட இல்லயா சேர்?"

"இல்லை மகள். வாடகைக்கு எடுத்தது."

வகுப்பு சிரித்தது. கலியாணத்துக்கு வேன் பிடிக்கிற மாதிரியா சேர் என்று ஒருவன் கேட்டான். கிட்டத்தட்ட அப்படித்தான். இரண்டு வருடம் கழித்து மூன்றாவது பயணத்தில் 81 பேர் போய் "தட்சிண கங்கோத்ரி" என்ற நிலையத்தைக் கட்டினார்கள். அப்போது போனது "ஃபின்போலாரிஸ்" என்ற பின்லாந்துக் கப்பலில். அந்தப் பயணத்தில்தான் அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்று இரண்டு பெண் விஞ்ஞானிகளும் போனார்கள். ஒருவர் கடல் பற்றிப் படித்தவர், மற்றவர் பாறை பற்றிப் படித்தவர். பிறகு சுவீடன் கப்பலில் போனார்கள், ரஷ்யக் கப்பல்களில் போனார்கள். 1989இல் "மைத்ரி", 2012இல் "பாரதி" என்று இன்னும் இரண்டு நிலையங்கள் வந்தன. இத்தனையும் செய்த நாட்டுக்கு, பனிக்கடலுக்குப் போகச் சொந்தக் கப்பல் இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மற்றவர்களின் கப்பலில் ஏறித்தான் போனார்கள்.

அந்த மகள் இதை அப்பியாசக் கொப்பியில் எழுதி அடிக்கோடு போட்டதை வாத்தியார் கண்டார். அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்த நிலையத்து வாழ்க்கையைப் பற்றியும் பேசினோம். 1984இல் முதன்முதலாகப் பன்னிரண்டு பேர் தட்சிண கங்கோத்ரியில் குளிர்காலம் முழுக்கத் தங்கினார்கள். கோடை முடிய கப்பல் போய்விடும். கடல் உறைந்துவிடும். அடுத்த கோடை வரைக்கும் அதே பன்னிரண்டு முகம், அதே சுவர், ரின்னில் அடைத்த அதே சாப்பாடு. நடுவில் இரண்டு மாதமளவில் சூரியன் எழும்பவே எழும்பாது. அந்தக் கட்டடம் பனிக்கட்டித் தட்டின் மேலே நின்றதால் வருடா வருடம் பனி மூடி மூடி, கடைசியில் 1990இல் கைவிட வேண்டி வந்தது.

இதைக் கேட்டவுடன் எங்கள் வகுப்பில் மார்க்கக் கேள்விகள் வந்துவிட்டன. "சூரியன் மறையாத நாளையில நோன்பு எப்பிடி சேர் திறக்கிறது?" நல்ல கேள்வி. இரவும் பகலும் பிரிந்து தெரிகிற கிட்டிய ஊரின் நேரத்தைக் கணக்கிட்டுத் தொழவும் நோன்பு பிடிக்கவும் உலமாக்கள் வழிகாட்டியிருக்கிறார்கள் என்று சொன்னோம். உடனே இன்னொருவன், "அப்ப தைப்பொங்கலுக்கு?" என்றான். கணக்குப் பார்த்தால் ஜனவரி நடுப்பகுதியில் அந்த இடத்தில் சூரியன் மறைவதே இல்லை. "அப்ப விடிய விடியப் பொங்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் வாத்தியார் ஒரு பயிற்சி தந்தார். நீங்கள் அந்த நிலையத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டீர்கள். ஒரு நாள் தூரத்தில் புகை தெரிகிறது. வேறொரு நாட்டின் பனி உடைக்கும் கப்பல். வந்து பார்க்கச் சொல்லி உங்களைக் கூப்பிடுகிறார்கள். ஏணியில் ஏறுகிறீர்கள். முதலில் எதைத் தேடுவீர்கள்? ஒரு பக்கம் எழுதுங்கள்.

இருபத்திரண்டு பேரும் எழுதினார்கள். வழக்கமாக அரைப் பக்கம் எழுதாதவனும் எழுதினான். சிலவற்றைச் சொல்கிறோம்.

ஒருவன் பச்சை மிளகாய் தேடுவானாம். ஒரு மகள் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்பாளாம். ஒருவன் கப்பலில் யாராவது பூச்சட்டி வைத்திருந்தால் அந்த மண்ணை மோந்து பார்ப்பானாம். ஒருவன் எழுதியிருந்தான்: "என்னோட கோவிச்சுக்காத ஒரு புது ஆளத் தேடுவேன். ஏன்னா ஒரு வருஷத்தில மத்த பதினொரு பேரோடயும் சண்டை பிடிச்சிருப்பேன்." லயத்தில் அடுத்தடுத்த காம்பிராவில் வளர்ந்த பிள்ளை, அவனுக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு முஸ்லிம் மகன் இறைச்சி சாப்பிட மாட்டானாம், மீனும் பாணும் இருந்தால் சாப்பிடுவானாம், "தேத்தண்ணி தந்தா ரெண்டு கப் குடிப்பேன்" என்று எழுதியிருந்தான்.

முன்வாங்கு மகள் எழுதியது வேறு மாதிரி. அவள் கப்பலின் எஞ்சின் அறைக்குப் போவாளாம். அங்கே நிற்பவரிடம், இந்த எஞ்சினை ஓட்டுவதற்கு நீங்கள் என்ன படித்தீர்கள், எங்கே படித்தீர்கள் என்று கேட்பாளாம். ஒரு பக்கம் முழுக்க அது மட்டும்தான்.

அன்று வகுப்பில் எழுந்த அடுத்த பேச்சு: வீட்டுக்குப் போகிறபோது வெறுங்கையோடு போவதில்லையே, அந்தக் கப்பலுக்கு எதைக் கொண்டுபோவது? எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், தேயிலை.

அதற்கும் ஒரு உண்மைக் கதை இருக்கிறது. 1907இல் ஷக்கிள்டன் என்பவர் "நிம்ரொட்" என்ற கப்பலில் தென்துருவப் பயணம் போனார். அவருக்குக் கம்பனிகள் இனாமாகக் கொடுத்த சாமான்களின் பட்டியல் அவர் எழுதிய நூலில் இருக்கிறது. கோதுமை மா, கொக்கோ, தேசிக்காய்ச் சாறு எல்லாம் வருகிறது. அதில் ஒரு வரி, லிப்டன் கம்பனி கொடுத்த சிலோன் தேயிலை 350 இறாத்தல்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. 350 இறாத்தல் என்றால் 159 கிலோவளவு. அந்த வருடங்களில் இந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் எங்கள் பிள்ளைகளின் பாட்டிமாரின் பாட்டிமார். பட்டியலில் கம்பனியின் பெயர் இருக்கிறது. பறித்தவர்களின் பெயர் இல்லை. "அப்ப நம்மட தேயிலை நமக்கு முன்னுக்கே போயிருச்சு" என்றான் பின்வாங்கு மகன்.

திரும்பி வரும்போது எதைக் கொண்டுவருவது என்றும் பேசினோம். தமிழ்நாட்டில் திருவாரூர்ப் பக்கம் சன்னாநல்லூர் என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர் கர்னல் கணேசன், 1987இல் புறப்பட்டுப் போய் தட்சிண கங்கோத்ரி நிலையத்தின் தலைவராக இருந்துவிட்டு 1989இல் திரும்பி வந்தவர். வரும்போது அங்கிருந்து பாறைக்கற்களைக் கொண்டுவந்து தன் கிராமத்தில் "அகத்தூண்" என்று அமைத்து, ஊர்ப் பிள்ளைகள் பார்க்க வைத்திருக்கிறார். ஒரு கிராமத்துப் பையன் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகலாம். தமிழ் பேசுகிற ஒருவர் அங்கே தலைவராக இருந்திருக்கிறார் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய விசயமாக இருந்தது.

இன்னொரு கதையையும் சொல்லாமல் விட முடியாது. 2013 டிசம்பர் 24ஆம் திகதி, "அக்கடமிக் ஷொகால்ஸ்கி" என்ற ரஷ்யக் கப்பல் அந்தாட்டிக்காவில் பனிக்குள் இறுகிக்கொண்டது. விஞ்ஞானிகளும் பிரயாணிகளுமாகப் பலர் அதில் இருந்தார்கள். உதவிக்குச் சீனாவின் "சூலோங்" கப்பல் போனது. பனி டிராகன் என்று அர்த்தம். அதாலும் கிட்டப் போக முடியவில்லை. ஆனால் அதில் ஹெலிகொப்டர் இருந்தது. 2014 ஜனவரி 2ஆம் திகதி அந்த ஹெலிகொப்டர் 52 பேரைத் தூக்கிக்கொண்டு வந்தது. அவர்களை ஏற்றிக்கொண்டு போனது அவுஸ்திரேலியாவின் "அவுரோரா அவுஸ்திராலிஸ்". ரஷ்யக் கப்பல், சீன ஹெலிகொப்டர், அவுஸ்திரேலியக் கப்பல். இவ்வளவும் முடிந்த பிறகு காப்பாற்றப் போன சூலோங்கே பனிக்குள் மாட்டிக்கொண்டது. சில நாளில் காற்றுத் திரும்பி, பனி விரிந்து, இரண்டு கப்பலும் ஜனவரி 7ஆம் திகதி வெளியே வந்தன.

சூலோங் எங்கே கட்டியது தெரியுமா? உக்ரேனின் கெர்சோன் துறைமுகத்தில், 1993இல். சீனா அதை வாங்கித்தான் ஓட்டியது. அதில் இத்தனை வருடம் ஓடிப் பழகிய பிறகு, 2019இல்தான் ஷங்காயில் கட்டிய "சூலோங் 2" ஓடத் தொடங்கியது. அது முன்னாலும் உடைக்கும், பின்னாலும் உடைக்கும். அவ்வளவு பெரிய நாடும் வேறொருவர் கட்டிய கப்பலில்தான் தொடங்கியிருக்கிறது.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விசயம்.

எங்கள் முன்வாங்கு மகள் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் வகுப்பில் முதலாவது. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. அதற்குப் பிறகு உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க வேண்டுமென்றால் இங்கே வழியில்லை, வேறு ஊருக்குப் போக வேண்டும். இப்போதே வீட்டில் முடிவு எடுத்துவிட்டார்கள், ஓ.எல். முடிய நிற்பாட்டுவது என்று. ஏதாவது கடையிலோ கார்மென்ட்ஸிலோ வேலை. இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. பஸ் நேரம் மாறிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். (பெயர் எழுதவில்லை. வீட்டாரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.)

வகுப்பாசிரியையும் கூட வர, அந்த வீட்டுக்குப் போனோம். ப்ளேன்டீயும் பிஸ்கட்டும் தந்தார்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவர். அப்பா கைக்காசு வேலை. நாங்கள் உற்சாகமாக எல்லாக் கதையையும் சொன்னோம். காசிம், நோர்வேக் கப்பல், சன்னாநல்லூர்க் கல். சொந்தக் கப்பல் இல்லாதவர்கள்தான் தென்துருவம் வரை போனார்கள் அண்ணே, பிள்ளையைப் போக விடுங்கள் என்று முடித்தோம்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "புள்ள படிக்கிறது எங்களுக்குச் சந்தோஷந்தாங்க சேர். ஆனா அந்தக் கப்பலுக்கு வாடகை குடுத்தது அரசாங்கந்தானே. இந்தப் புள்ளைக்கு போர்டிங், பஸ், டியூசன், ரெண்டு வருஷம். இதுக்கு யாருங்க வாடகை குடுக்கிறது?"

எங்களிடம் பதில் இல்லை. அவர் கோபமாகக் கேட்கவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. கணக்குத் தெரிந்த மனிதர் கணக்குக் கேட்டார். வாடகைக் கப்பல் என்று நாங்கள் வாய் கிழியப் பேசினோமே தவிர, வாடகை என்ற சொல்லுக்குள் காசு இருக்கிறது என்பதை அவர்தான் ஞாபகப்படுத்தினார். அம்மா கேட்ட கேள்வி அதைவிடக் கடினம். "பொம்புளப் புள்ள. தெரியாத ஊர்ல யார் வீட்டுல சேர் விடுறது?" இதே கேள்வியை எங்கள் முஸ்லிம் வீடுகளிலும் எத்தனை உம்மாமார் கேட்டுவிட்டார்கள். அதில் பிழை இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லாமல் இருப்பதுதான் பிழை.

திரும்பி வரும் வழியில் அந்தத் தாச்சிப் பரிசோதனை ஞாபகம் வந்தது. உருண்ட மூக்குப் படகில் முதலில் நாங்கள் ஆணி ஏற்ற மறந்துவிட்டோம். வெறும் படகு பனிக்கட்டிக்கு மேலே ஏறி அப்படியே உட்கார்ந்துகொண்டது. உடையவே இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஆணியாகப் போட்ட பிறகுதான் உடைந்தது.

அந்த மகள் தன் பங்கைச் செய்துவிட்டாள். கனத்தை ஏற்ற வேண்டியது நாங்கள்தான்.

அதனால் ஊராரிடம் கேட்கிறோம். யாரிடமும் காசு கேட்டு இந்தப் பதிவு எழுதவில்லை. கேட்பது இவை:

ஒன்று. உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உள்ள ஊர்களில், அட்டனோ, நாவலப்பிட்டியோ, கண்டியோ, சொந்த வீடோ சொந்தக்காரரோ உள்ளவர்கள் இருப்பீர்கள். ஒரு பெண்பிள்ளை நம்பிக்கையோடு தங்கிப் படிக்க ஒரு அறை இருந்தால் சொல்லுங்கள். எந்தச் சமயத்துப் பிள்ளை என்று பார்க்காமல் சொல்லுங்கள்.

இரண்டு. ஞாயிறு பின்னேரம் போய் வெள்ளி பின்னேரம் வருகிற வேன், கார், லொறி எதுவானாலும் வைத்திருப்பவர்கள், இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள்.

மூன்று. இந்த ஊரில் படித்து, உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ செய்து, இன்று தொழிலில் இருப்பவர்கள் பலர் உங்களில் உண்டு. சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் வந்து தரம் பத்துக்கும் பதினொன்றுக்கும் சொல்லிக்கொடுங்கள். பழைய புத்தகம், கடந்தகால வினாத்தாள் இருந்தால் கொண்டுவாருங்கள்.

நான்கு. மின்நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் இதை வாசித்தால், ஒரு நாள் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். ஒரு மகள் உங்களிடம் கேட்க ஒரு பக்கம் கேள்வி எழுதி வைத்திருக்கிறாள். எஞ்சினை ஓட்ட என்ன படித்தீர்கள், எங்கே படித்தீர்கள் என்று. அந்தக் கேள்விக்கு அந்தாட்டிக்கா வரை போக வேண்டியதில்லை, பாடசாலை வாசலிலிருந்து பார்த்தாலே உங்கள் குழாய் தெரிகிறது.

இந்த ஒரு மகளுக்காக மட்டும் கேட்கவில்லை. எண்ணிப் பார்த்தோம். இந்த வருடத்து வகுப்பில் மட்டும் இப்படி நான்கு பேர் இருக்கிறார்கள். போன வருடங்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அவர்களில் சிலர் இந்தப் பதிவைக் கொழும்பில் ஏதோ ஒரு கடையின் பின்பக்கத்தில் நின்று போனில் வாசித்துக்கொண்டிருக்கவும் கூடும். மகன்மாரே, மகள்மாரே, அப்போது உங்கள் வீட்டுக்கு வந்து கேட்காததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குப் பாடசாலையில் கூடுவோம். பள்ளிவாசல் ஜமாஅத்தார், கோயில் நிர்வாகத்தார், பெற்றோர், பழைய மாணவர் எல்லோரும் வாருங்கள். அந்த மகளின் அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கணக்கை அவர் முன்னால் வைத்தே போட்டுப் பார்ப்போம். நோர்வேக் கப்பலுக்குக் கொடுத்த வாடகையளவுக்கு இது வராது.

ஞாயிறு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். துஆ செய்யுங்கள். ப்ளேன்டீ எங்கள் செலவு.